கோடையில் ஒழுகிய புகைக்கூடு

வவுனியாவில் நாங்கள் இருப்பது அப்பப்பா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஓட்டுக்கூரை, குசினி மூலையில் ஆள் நுழையுமளவுக்கு அகலமான செங்கல் புகைக்கூடு. 2019இல் அம்மா கேக் ஓடர் எடுக்கத் தொடங்கினபோது பழைய காஸ் போறணை ஒன்றை வாங்கி, அதன் குழாயை அந்தக் கூட்டுக்குள்ளேயே சொருகிவிட்டோம். விறகுப் புகையையே இழுத்த கூடு, காஸை இழுக்காதா என்ற நினைப்பு.

அந்த மாரியிலேயே சுவரில் தேத்தண்ணிச் சாயம் போலக் கறை இறங்கியது. பூச்சு உப்பி உதிர்ந்தது. மேசன் அண்ணை வந்து ஓடு மாற்றினார், தார் பூசினார். அடுத்த மாரியும் அதே கறை. இந்தமுறை அவர் கூட்டின் வாயைத் தகரத்தால் மூடிச் சீமெந்து வைத்து இறுக்கினார். "இனி ஒரு துளியும் இறங்காது தம்பி."

துளி நிற்கவில்லை. அம்மாவுக்குத்தான் போறணை எரியும் நேரமெல்லாம் தலையிடியும் தலைச்சுற்றும். வாய் மூடிய கூட்டில் போக வழியில்லாமல் காஸ் புகை குசினிக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அதிலுள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, கண்ணும் எரியாது. மூன்றாம் நாள் நானே ஏறித் தகரத்தை உடைத்தெறிந்தேன். நாங்கள் செய்ததில் படு மடத்தனம் கூட்டின் வாயை மூடினதுதான்.

2022இல் காஸ் இல்லை. சிலிண்டர் வரிசையில் நின்று களைத்து, பழைய அடுப்பில் பாலை விறகை மூட்டினோம். சித்திரையில் பின்னேர இடிமழை கொட்டியும் சுவர் காய்ந்தே கிடந்தது. ஆவணியில் காஸ் கிடைத்தது. கிணறு அடியில் கிடக்கிறது, முற்றம் வெடித்துக் கிடக்கிறது, வானத்தில் முகில் இல்லை. அதிகாலை போறணையை மூட்டி அரை மணித்தியாலத்தில் கூட்டின் அடியில் டொக், டொக்.

லண்டனில் ஹீற்றர் பூட்டும் வேலை செய்யும் மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன். "டேய், அது மழையில்லையடா. காஸ் எரிஞ்ச தண்ணி" என்று சிரித்தான். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருமாம். கணக்குப் பார்த்தேன்: 12.5 கிலோ சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 20 லீற்றர்! விறகடுப்பு நாள் முழுக்க எரிந்து கூட்டைச் சுடவைத்துவிடும். எங்கள் சின்னப் போறணையின் புகையோ அந்த அகலத்தில் மெல்ல ஏறி, விடியற்காலைக் குளிர்ச் செங்கல்லில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. அது பழைய கரியைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புக்குள் ஊறுகிறது. லண்டனில் பழைய வீடுகளில் நிலக்கரி அடுப்பை எடுத்துவிட்டுக் காஸ் ஹீற்றர் வைக்கும்போது கூட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவார்களாம்.

நாங்களும் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, போறணையின் குழாயளவுக்கே நாலங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் இறக்கினோம். சண்டை வந்தது மூட்டு வைக்கும்போதுதான். தகர வேலைக்காரர் மேல்குழாயின் வாய் கீழ்க்குழாய்க்கு வெளியே கவிழ்ந்து நிற்கும்படி பூட்டியிருந்தார். மழைக்கு அதுதான் சரி என்றார். எங்களுக்கோ தண்ணீர் உள்ளேயிருந்து வருகிறது. மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் நுழைந்திருந்தால்தான் அது மூட்டால் கசியாமல் கீழே வடியும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார், முகம் தொங்கிப்போய். கூரைக்கு மேல் நிற்கும் பகுதிக்கு, சூடு போகாமலிருக்க, கொழும்பிலிருந்து எடுப்பித்த ரொக்வூல் என்ற சூடுகாக்கும் பஞ்சைச் சுற்றி, அதன் மேல் தகடு. உச்சியில் நாற்புறமும் திறந்த தொப்பி. அடியில் ஒரு வடிகுழாய். போறணை எரியும்போது குசினி யன்னல் பூட்டக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சுவரை உடனே பூசவில்லை. ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுத்தான் சுண்ணாம்பு பூசினோம்.

குழாய் பூட்டி முதல்முறை போறணையை மூட்டினபோது வடிகுழாயின் கீழ் யோகட் கப் ஒன்று வைத்திருந்தேன். மேசன் அண்ணை குந்தியிருந்து பார்த்தார். அடியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர். விரலை விட்டு மணந்து பார்த்தவர், வெளியே போய் வானத்தையும் ஒருக்கால் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.