கச்சான் காற்றும் பழைய அலகும்

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தில் முதலாவது 1979இல் ஓடத் தொடங்கியது. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் நிலையத்தின் புகை நகரும் திசை வடகிழக்கே, கடலோர ஊரான வாலிநோக்கம் பக்கம்.

இந்த வயது அலகில் முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கியை அல்ல, டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரை. கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டினாலே நீராவி சரியாகக் குளிராமல் கண்டென்சருக்குள் இருக்கும் வெற்றிடம் குறையும். குழாய்க்குள் பாசியும் சிப்பியும் ஒட்டினால் இன்னும் மோசம். நீர் எடுக்கும் வாயில் சொறிமீன் கூட்டமாக அடைத்தால் சுமையையே, அதாவது மின் உற்பத்தியையே, இறக்க வேண்டிவரும். வெற்றிடம் குறைந்தால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரியும். நன்றாக ஓடும்போதே ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

சாம்பல் வேறு கதை. புகையிலுள்ள தூசியை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவியான இ.எஸ்.பி.யின் தட்டுகளைத் தட்டும் சுத்தியல் நின்றுபோனால் தூசி கனத்துப் படியும், மின்புலம் வலுவிழக்கும், புகை கறுக்கும். கந்தக டை ஆக்சைடையோ அந்தத் தட்டுகள் எப்போதுமே பிடிப்பதில்லை. வெள்ளைப் புகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.