எந்த வாசல், எந்தத் தேதி: பெர்லினில் மூன்று நினைவுக் கற்களைப் பதித்த அனுபவம்

நாங்கள் குடியிருக்கும் பெர்லின் கட்டடத்தின் முன்னே, நடைபாதையில், மூன்று ஷ்டோல்பர்ஷ்டைன் நினைவுக் கற்கள் ஒருவழியாகப் பதிக்கப்பட்டுவிட்டன. நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள், துரத்தப்பட்டவர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அவர்கள் வாழ்ந்த வீட்டின் முன் பதிக்கும் சிறு கற்கள் இவை. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகர மன்றத்தின் முன் முதல் கல்லைப் பதித்துத் தொடங்கிய இப்பணி 2023இல் ஒரு லட்சமாவது கல்லை எட்டிவிட்டது. ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காத்திருப்பதில் பெரிய சிரமம் இல்லை. எந்த வாசல், எந்தத் தேதி என்ற இரண்டு கேள்விகளில்தான் எங்கள் விண்ணப்பம் சிக்கி நின்றது.

நாங்கள் நினைவுகூர விரும்பியவர்கள், இக்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாழ்ந்த ஒரு யூதத் தையல்காரரும் அவர் மனைவியும். விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர், யூதர்களை ரயிலேற்றி அனுப்ப நாஜி அதிகாரிகள் தயாரித்த நாடுகடத்தல் பட்டியலில் வேறொரு தெருவின் முகவரி இருப்பதைக் காட்டி, கற்கள் அங்கேதான் போக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். 1939 ஏப்ரல் 30ஆம் நாள் வந்த சட்டம் யூதர்களுக்கு இருந்த வாடகைப் பாதுகாப்பைப் பறித்தது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, வேறு யூதக் குடும்பங்கள் வசித்த வீடுகளில் ஒற்றை அறைக்குள் நெருக்கி வைக்கப்பட்டன. பட்டியலில் இருந்தது அப்படிப்பட்ட ஓர் அறையின் முகவரி. தாமாக விரும்பிக் குடியேறிய கடைசி வீட்டின் முன்பே கல் இருக்க வேண்டும் என்பதுதான் டெம்னிக் வகுத்த முறை. பட்டியலை அப்படியே ஏற்றிருந்தால், துரத்தப்பட்டு ஒண்டியிருந்த இடத்தையே அவர்களுடைய வீடு என்று நாமும் பித்தளையில் எழுதி வைத்திருப்போம்.

இதை மெய்ப்பிக்க உதவியது 1939 மே 17ஆம் நாள் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தாத்தா பாட்டிகளில் யார் யார் யூதர் என்று கேட்ட அதன் துணை அட்டைகளில் எங்கள் கட்டடத்தின் முகவரியே பதிவாகியிருந்தது. பெர்லினின் பழைய முகவரிப் புத்தகங்களை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயர்தான் இருக்கும். மனைவி பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். போருக்குப் பின் தெருப்பெயரோ கதவு எண்ணோ மாறியிருக்கிறதா என்பதையும் பழைய வரைபடத்தில் சரிபார்த்துவிடுங்கள். போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் அவர்களுடைய சொத்து விவரப் படிவம் கிடைத்தது. நாடுகடத்தப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் கட்டாயமாக நிரப்பித் தர வேண்டியிருந்த 16 பக்கப் படிவம் அது. நாற்காலி, படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் வரை தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பின்னே, அவர்கள் போன பிறகு, வாடகைப் பாக்கி கேட்டு வீட்டுக்காரர் எழுதிய கடிதமும் மின் கட்டண ரசீதும் கோக்கப்பட்டிருந்தன. அன்று அதற்கு மேல் எதையும் படிக்க என்னால் முடியவில்லை.

முகவரி தீர்ந்ததும் தேதி வந்து நின்றது. இறப்புக்கு அதிகாரபூர்வமான சான்று வேண்டும் என்றார்கள். அது போருக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கோப்பில் இருந்தது. பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தால் போதும் என்று கடிதம் எழுதிய அலுவலகமே, நேரில் போனபோது வாரிசின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் கோப்பைக் காட்ட முடியாது என்று திருப்பி அனுப்பியது. விடுப்பு எடுத்துப் போன ஒரு நாள் முழுவதும் வீணாயிற்று. எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போவதானாலும், யார் யாருடைய கையெழுத்து தேவை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வாரிசைத் தேடியதில் ஒரு நன்மை விளைந்தது. கொல்லப்பட்ட யூதர்களை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகத்தில் உள்ள சாட்சியப் பக்கம் (கொல்லப்பட்டவரைப் பற்றி உறவினரோ தெரிந்தவரோ நிரப்பித் தரும் படிவம்) ஒன்றை அத்தம்பதியரின் மகளே பல ஆண்டுகளுக்கு முன் நிரப்பியிருந்தார். 1939இல் குழந்தைகளை ஏற்றிச் சென்ற மீட்பு ரயில்களில் ஒன்றில் இங்கிலாந்துக்குத் தப்பியவர் அவர். அதன் வழியாக அவருடைய மகனைக் கண்டுபிடித்தோம். மூனிக் நகரம் பொது நடைபாதையில் இக்கற்களை அனுமதிப்பதில்லை என்பதும், பெயர்கள் காலில் மிதிபடும் என்று அங்குள்ள யூத சமூகத்தின் தலைவர் சார்லோட் க்னோப்லோக் எதிர்த்து வருவதும் அவருக்குத் தெரியும். அது புறந்தள்ளக்கூடிய எதிர்ப்பு அல்ல. அந்த மகன் யோசித்து முடிவு சொல்லும்வரை நாங்கள் எதையும் நகர்த்தவில்லை. சம்மதித்தபோது, தன் தாய்க்கும் ஒரு கல் வேண்டும் என்று கேட்டார். தப்பிப் பிழைத்தவர்களையும் சேர்த்துக் குடும்பத்தை ஒன்றாக வைக்கும் வழக்கம் இப்பணியில் உண்டு என்பதால், இரண்டு கற்கள் மூன்றாயின.

ஒப்புதல் கடிதத்தோடு கோப்பைத் திறந்தால், நீதிமன்ற ஆணையில் இருவரும் 1945 மே 8 அன்று இறந்ததாக இருந்தது. சாட்சி இல்லாத மரணங்களுக்குப் போர் முடிந்த நாளையே சட்டத்துக்காக எழுதிவைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. பரிசீலித்தவர் இதுவே அதிகாரபூர்வமான தேதி என்று பிடிவாதமாக நின்றார். அவர்கள் ஏற்றப்பட்ட ரயிலோ 1941 நவம்பர் 27 அன்று பெர்லினிலிருந்து புறப்பட்டு லாத்வியாவின் ரீகா நகரை அடைந்தது. நவம்பர் 30 காலையில், அதில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரீகாவுக்கு அருகிலுள்ள ரும்புலா காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ரயிலில் வந்தவர்கள் பற்றி ஆய்வாளர்களிடையே ஐயம் இல்லை. அதே ரயிலில் சென்ற வேறு பலருக்கு பெர்லினிலேயே ஏற்கெனவே பதிக்கப்பட்ட கற்களின் படங்களையும் நாடுகடத்தல் பட்டியலின் நகலையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் வாதாடிக் களைக்காமல் முதலிலேயே இவற்றை அனுப்பிவிடலாம்.

பணம் செலுத்துவதும் பதிக்கும் நாளும் சிக்கலின்றி நடந்தன. கடைசியாக ஒன்று: எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பித்தளையில் பதிக்கிறார்கள், அதன்பின் திருத்த முடியாது. வரைவு வாசகம் வந்ததும் பிறந்த ஆண்டு, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், தேதிகள் அனைத்தையும் இரண்டு பேராவது ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு வந்த வரைவில் அந்த 1945 மே 8 மறுபடியும் நுழைந்திருந்தது. அன்றே திருத்தி அனுப்பினோம். இரண்டு கற்களிலும் 30.11.1941 என்றே இருக்கிறது.