டிரைபாட் இல்லாத மார்கழி: வேலூர்க் குறிப்புகள்

டிசம்பர் 17, புதன்

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம், காலை ஏழு மணி. கோயில் இருக்கும் வேலூர்க் கோட்டை தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஆகவே கைதான் டிரைபாட்; துணைக்குக் கை ஆட்டத்தைத் திருத்தும் ஸ்டெபிலைசேஷன்.

யாளித் தூண்களின் உட்பக்கம் வெளிச்சம் குறைவு. எஃப் 4 துவாரத்தில் ஷட்டர் வேகம் 1/50 செகண்டு வேண்டுமென்றால், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. கருங்கல்லை அந்த ஐஎஸ்ஓவில் எடுத்தால் கல்லின் சொரசொரப்பும் படத்தில் வரும் நாய்ஸ் எனும் புள்ளிகளும் ஒன்றாகக் கலந்து, உளி பட்ட தடம் எது என்றே தெரியாமல் போகும். ஸ்டெபிலைசேஷனை நம்பி 1/6-க்கு இறங்கினால் ஐஎஸ்ஓ 400 போதும். மூன்று ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). இந்த வசதிக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான்.

கையில் பிடித்து எடுக்கும் ஷட்டர் வேகத்துக்குப் பழைய கணக்கு: ஒன்றின் கீழ் ஃபோக்கல் நீளம். கிராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறியது) என்றால் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 35 எம்எம் லென்ஸுக்கு 1/50. அதிலிருந்து நான்கு ஸ்டாப் இறங்கினால் 1/3. அதே கேமராவில் 200 எம்எம் போட்டால் 1/320-இல் தொடங்கி, நான்கு ஸ்டாப்புக்குப் பிறகும் 1/20-இல்தான் நிற்கும். "நான் அரை செகண்டு கையிலேயே எடுப்பேன்" என்று யாராவது சொன்னால் முதலில் எந்த லென்ஸில் என்று கேட்க வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

கேமராப் பெட்டியில் ஸ்டெபிலைசேஷன் 5 ஸ்டாப், 7 ஸ்டாப் என்று அச்சிட்டிருப்பது, குலுக்கும் மேடையில் கேமராவை வைத்து அளந்த எண். நம் கை எப்படி ஆடும் என்று அந்த மேடைக்குத் தெரியாது. சொந்த எல்லையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். ஒரே தூண், ஒரே இடம், ஒரே லென்ஸ். 1/25, 1/13, 1/6, 1/3 ஒவ்வொன்றிலும் பத்து ஃப்ரேம். வீட்டுக்கு வந்து நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். பத்தில் எட்டு தேறும் வேகம் நம்பகமான எல்லை. பத்தில் மூன்று தேறுகிற வேகத்தையும் தள்ளிவிட வேண்டாம்: கல் எங்கும் ஓடிவிடாது, ஐந்தாறு ஃப்ரேம் சேர்த்து எடுத்தால் ஒன்று கிடைக்கும்.

பர்ஸ்ட் (தொடர்ச்சியாகப் பல ஃப்ரேம்) போடும்போது முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும்தான் பெரும்பாலும் கெடுகின்றன. விரல் அழுத்துவதும் எடுப்பதும் அந்த இரண்டில்தான் விழுகிறது. நடுவில் உள்ளவற்றை முதலில் பார்க்கவும்.

பட்டனைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் படம் 'மிதந்து' நிலைபெறும் வரை ஒரு செகண்டு பொறுக்க வேண்டும். ஒரே மூச்சில் அமுக்கினால் ஸ்டெபிலைசர் நிதானத்துக்கு வருமுன் ஷட்டர் திறந்துவிடும். முழங்கை விலாவோடு ஒட்டி, தோள் தூணில் சாய்ந்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுக்க வேண்டும். பின்திரையைப் பார்த்துக் கையை நீட்டி எடுத்தால் இத்தனையும் வீண்.

டிசம்பர் 21, ஞாயிறு

மண்டபத்து விதானம். அண்ணாந்து பிடிக்கும்போது இரண்டு முழங்கைக்கும் ஆதாரம் இல்லை. நேற்றுவரை 1/6-இல் தேறிய கை இங்கே 1/25-இல் ஆடுகிறது. ஆட்டத்தின் வகையும் வேறு. லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் மேல்கீழ் சாய்வையும் இடவலத் திருப்பத்தையும் மட்டும் சரிசெய்யும். கேமரா கடிகார முள் போலச் சுழன்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சென்சாரையே நகர்த்தும் ஐந்து அச்சு கேமரா பாடிதான் அதைப் பிடிக்கும். படம் நடுவில் கூர்மையாகவும் நான்கு மூலைகளிலும் வட்டமாக இழுபட்டும் இருந்தால் காரணம் இந்தச் சுழற்சி. ஃபோக்கஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு எளிய வழி: கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து, அடியில் மடித்த துண்டு, இரண்டு செகண்டு டைமர். அசையாமல் இருப்பதால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடலாம். பழைய லென்ஸ்களில் அணைத்தே ஆக வேண்டும்: ஆட்டமே இல்லாத இடத்தில் அது தானாக ஆடித் தேடி, படத்தைக் கெடுக்கும்.

டிசம்பர் 24, புதன்

135 எம்எம் பழைய மேனுவல் லென்ஸ், அடாப்டர் வழியாக. பாடிக்கு எந்த லென்ஸ் என்று தெரியாது; ஸ்டெபிலைசர் மெனுவில் ஃபோக்கல் நீளத்தை நாமே கொடுக்க வேண்டும். கிராப்பால் பெருக்காமல், லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே கொடுக்கவும். முன்பு போட்ட 50 அப்படியே இருந்தால் திருத்தம் போதாது, பாதிக்கு மேல் ஆட்டம் மிஞ்சும். தலைகீழ்த் தவறு இன்னும் மோசம்: 50 எம்எம் லென்ஸைப் போட்டு எண் 135 என்று கிடந்தால், சென்சார் தேவைக்கு மேல் ஓடி, இல்லாத ஆட்டத்தை உண்டாக்கும். ஸ்டெபிலைசர் பழுது என்று சர்வீஸுக்குக் கொண்டு போகுமுன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

டிசம்பர் 27, சனி

ஏலகிரி அடிவாரம், ஜலகம்பாறை. மேகமூட்டம். எஃப் 11, ஐஎஸ்ஓ 100-இல் 1/15 வந்தது. போலரைசர் ஃபில்டர் இரண்டு ஸ்டாப் குடித்து 1/4 ஆக்கியது. 24 எம்எம்மில் பாறை கூர்மையாக, தண்ணீர் பட்டுத் துணியாக. ஈரப் பாறையில் நின்றுகொண்டு எடுக்க வேண்டாம். உட்கார்ந்து, முழங்கை முழங்கால் மேல். சாரல் லென்ஸில் விழும், இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

டிசம்பர் 30, செவ்வாய்

சோளிங்கர் பெரிய மலை. ஆயிரத்து முந்நூறு படி ஏறிய உடனே எடுத்த படங்கள் அத்தனையும் ஷேக். நாடித்துடிப்பு கைக்கு வந்துவிடுகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகு பழைய எல்லை திரும்பியது.

ஜனவரி 3, சனி

மறுபடி கல்யாண மண்டபம், இந்த முறை கூட்டத்தோடு. ஸ்டெபிலைசர் நம் கையைத்தான் நிறுத்தும். பூக்கூடையோடு நடக்கிற அம்மாவை நிறுத்தாது. 1/6-இல் தூண் கூர்மை, ஆட்கள் புகை. ஆளின் முகம் வேண்டுமென்றால், நிற்பவருக்கு 1/60, நடப்பவருக்கு 1/250. ஐஎஸ்ஓ ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாலையில் அகழி ஓரச் சாலையில் பேனிங் (ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுப்பது). சைக்கிளுக்கு 1/15, பஸ்ஸுக்கு 1/30. லென்ஸில் மோட் 2 இருந்தால் போடவும்: கிடைமட்ட அசைவை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் திருத்தும். மோட் 1-இல் விட்டால், நாம் திருப்பத் திருப்ப அது இழுத்துப் பிடிக்கும், படம் எகிறும்.

பைக்கில் திரும்பும்போது கேமராப் பையினுள் 'கடகட' சத்தம். மின்சாரம் இல்லாதபோது சென்சார் தட்டு தளர்ந்து ஆடுவது பல பாடிகளில் இயல்பு. ஆன் செய்ததும் நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நிற்காவிட்டால்தான் கடைக்குப் போக வேண்டும்.