வெட் லைனரும் அந்த 3 தௌவும்

ட்ரயம்ஃப் டிஆர்3ங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட இன்ஜின்ல நேத்து ஒருவழியா நாலு லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்குற உருளைக் குழாய்) உள்ள உக்காந்துடுச்சு, அதை எழுதி வைக்காம விட மனசு வரல. இது வெட் லைனர் இன்ஜின், அதாவது லைனரோட வெளிப்பக்கத்துல நேரா கூலன்ட் படும், பழசை உருவிட்டு புதுசை கையாலயே இறக்கிடலாம், பிளாக்கை (இன்ஜினோட அடி உடம்பு) போரிங்குக்கு, அதாவது துளையை கடைஞ்சு பெருசாக்க அனுப்ப வேண்டாம். ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் கார்ல வந்த இன்ஜின் வழிதான் இது.

கையால இறங்குதேன்னு வேலை சுலபம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கீழ ரெண்டு ரெண்டு லைனருக்கும் சேர்த்து எட்டு போட்ட மாதிரி ஒரு மெலிசான கேஸ்கெட், அதாவது கசிவை தடுக்குற தகடு வரும். அதோட சேர்த்து லைனர் பிளாக் மட்டத்துக்கு மேல 0.003ல இருந்து 0.005 இன்ச் தூக்கலா நிக்கணும், அதாவது 3ல இருந்து 5 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மேல மூடுற ஹெட்டை டைட் பண்றப்ப அந்த தூக்கல்தான் லைனரை கீழ அழுத்துது, அது கம்மியா இருந்தா மேல ஹெட் கேஸ்கெட்டும் பிடிக்காது, கீழ தண்ணி, ஆயில் தேங்குற சம்ப்புக்குள்ள இறங்கி ஆயிலும் வெளுத்துடும்.

நான் அளந்தப்ப மூணு லைனர் சரியா இருந்துச்சு, நாலாவது மட்டும் ஒரு பக்கம் 3, எதிர்ப்பக்கம் 6. லைனர்தான் கோணல்னு முதல்ல சந்தேகப்பட்டேன், ஆனா வெளிய எடுத்து டார்ச் அடிச்சு பார்த்தா அது உக்கார்ற இடத்துல ஒரு துரு செதில், நகம் வச்சா கூட தட்டுப்படாத அளவு! அதை சுரண்டி, துடைச்சு, திரும்ப இறக்கி டயல் கேஜை சுத்தி நாலு இடத்துல வச்சேன், எல்லா இடத்துலயும் 4. அந்த முள்ளு அசையாம நின்னப்ப வந்த சந்தோஷம் இருக்கே, அது தனி.

இன்னொண்ணு, ஹெட் போடுற வரைக்கும் லைனரை கிளாம்ப் பண்ணியே வைங்க. ஹெட்டை பிடிக்கிற ஸ்டட்ல (மரையுள்ள கம்பி) ஒரு பைப் துண்டு, பெரிய வாஷர், நட்டு, அவ்ளோதான். போன தடவை இது இல்லாம கிராங்க்கை சுத்திட்டேன், பிஸ்டன் மேல வர்றப்ப ரிங்ஸ் லைனரையும் சேர்த்து தூக்கிடுச்சு, கீழ கேஸ்கெட் சீல் போச்சு, மொத்தத்தையும் திரும்ப பிரிச்சேன்.

இந்த தடவை பிஸ்டன் போடுறதுக்கு முன்னாடியே கிளாம்ப்போட பிளாக்ல தண்ணி ஊத்தி, கீழ பேப்பர் விரிச்சு ராத்திரி முழுக்க விட்டேன். காலைல பேப்பர் காய்ஞ்சே கிடந்துச்சு. இனி ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளியை பார்க்கணும்.