லவ் பேர்ட்ஸ் நிறக் கணக்கு: உடம்பைக் கடைசியாகப் பாருங்கள்

மாரி முடிந்து தை பிறந்த கையோடு இந்த முறை லவ் பேர்ட்ஸ் (பட்ஜரிகர்) சோடிகளைத் தனித்தனிக் கூட்டுக்கு மாற்றினேன். எங்கள் ஊரில் பெரும்பாலும் வளவுப் பக்கம் ஒரு பெரிய வலைக் கூடு அடித்து, பத்துப் பதினைந்து முட்டிகளைக் கட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக விடுவதுதான் வழக்கம். பார்க்க அழகுதான். நிறக் கணக்குக்கு அது உதவாது. ஒரு பேடு தன் சேவலோடு ஒரே முட்டியில் இருந்தாலும் பக்கத்து முட்டிச் சேவலோடும் சேரும். சேவலைப் பிரித்த பிறகும் சில நாட்களுக்குக் கருக்கட்டிய முட்டை இடும். அதனால் பேடுகளை முதலில் சில கிழமை தனியாக வைத்து, அப்புறம்தான் சேவலோடு சேர்த்தேன். கூடு ஒன்றுக்கு ஒரு சோடி, ஒரு முட்டி, காலில் நிற வளையம், எல்லாம் எழுத ஒரு சீ.ஆர். கொப்பி. தீனி வழமைபோலத் தினையும் குரக்கனும், முருங்கையிலை, அவித்துக் காயவைத்த கணவாய் ஓடு.

முதலில் கையில் இருக்கும் பறவை என்ன நிறம் என்று தெரியவேண்டும். காலை வெயில் ஏறுமுன் நிழலில் வைத்துப் பார்ப்பேன். நீலப் படங்குக்குக் கீழே நின்று பார்த்தால் வெள்ளை எல்லாம் நீலம் அடிக்கும். நான் பார்க்கும் ஒழுங்கு இது: கண், கன்னப் பொட்டு, வால், செட்டையில் உள்ள கோடு. உடம்பு கடைசி. கடைக்காரர் உடம்பைத்தான் காட்டுவார், நாங்களும் அதில்தான் மயங்குவோம்.

ஏனென்றால் உடம்பில் இரண்டு விசயம் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. லவ் பேர்ட்ஸ் இறகில் நீலச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதன்மேல் மஞ்சள் நிறப்பொருள் சேரும்போது பச்சை. அவுஸ்திரேலியாவின் வறண்ட திறந்த வெளிகளில் பறக்கும் அசல் பறவை அந்தப் பச்சைதான். மஞ்சளை உருவாக்கும் பரம்பரையலகு பழுதானால் மிஞ்சுவது நீலம். அது எந்தப் பரம்பரையலகு என்பதை 2017இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஓரிடத்தில் ஒரேயொரு மாற்றம், அவ்வளவுதான். ஆகவே நீலம் பின்னிடைவானது. தாயும் தகப்பனும் நீலமென்றால் பச்சைக் குஞ்சு வராது. இரண்டும் பச்சையாக இருந்து, இரண்டும் உள்ளே நீலத்தை ஒளித்து வைத்திருந்தால், அதாவது இரண்டும் ‘ஸ்பிளிட்’ என்றால், நாலில் ஒரு குஞ்சு நீலமாக வரலாம்.

இதற்குமேல் டார்க் காரணி, அதாவது நிறத்தைக் கருமையாக்கும் பரம்பரையலகு. பச்சையில் அது இல்லாவிட்டால் இளம்பச்சை, ஒன்று இருந்தால் கரும்பச்சை, இரண்டு இருந்தால் ஒலிவ். நீலத்தில் அது இல்லாவிட்டால் வான்நீலம், ஒன்று இருந்தால் கோபால்ட், இரண்டு இருந்தால் மோவ். குழப்பம் தொடங்குவது இந்த மோவில்தான். மங்கல் சாம்பலாக இருக்கும், சந்தையில் ‘ஆஷ்’ என்றே விற்பார்கள். உண்மையான கிறே வேறு பறவை, வேறு காரணி, அது ஆட்சியானது. பக்கத்து வீட்டுத் தம்பி ஏ.எல். பயோ படிக்கிறான். அவனும் வந்து பார்த்துவிட்டு, “அண்ணை, இது கிறேதானே?” என்றான்.

“கன்னத்தைப் பார்.”

“ஊதாவாய்க் கிடக்கு.”

“அப்ப மோவ். கிறே எண்டால் கன்னமும் சாம்பலாய்த்தான் இருக்கும், வால் கறுப்பாய் இருக்கும்.”

மோவின் வால் கருநீலம். பச்சையிலும் இதே சோதனை செல்லும். ஒலிவுக்கு ஊதாக் கன்னம், கிறே பச்சைக்குச் சாம்பல் கன்னம். உடம்பை வைத்து இவற்றைப் பிரிக்க அனுபவசாலிக்கும் கண் பிசகும், கன்னத்தை வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளையும் பிரிக்கும். செட்டைக் கோடு கறுப்பில்லாமல் மண்ணிறமாக இருந்தால் சினமன்.

சரி, சோடிகளுக்கு வருகிறேன்.

முதலாம் கூட்டில் கரும்பச்சைச் சேவல், வான்நீலப் பேடு. சேவலின் தாய் தகப்பன் யாரென்று தெரியாது. முதல் ஈற்றிலேயே நீலக் குஞ்சு வந்தது, ஆகவே சேவல் நீலத்துக்கு ஸ்பிளிட் என்பது உறுதி. ஒரு நீலக் குஞ்சே இதற்குப் போதும். எல்லாம் பச்சையாக வந்தால் மட்டும் சேவல் சுத்தப் பச்சை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பிளிட் சேவலுக்கும் வரிசையாக ஐந்து பச்சை பிறக்க 32இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. விகிதம் ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனிதான், போன முட்டையை இந்த முட்டை நினைவில் வைத்திருக்காது.

இந்தச் சோடியில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் இனித்தான். பாடப்புத்தகக் கணக்குப்படி குஞ்சுகள் இளம்பச்சை, கரும்பச்சை, வான்நீலம், கோபால்ட் என்று நாலும் சமமாக வரவேண்டும். இரண்டு ஈற்றிலும் வந்தவை ஏறக்குறைய எல்லாம் கரும்பச்சையும் வான்நீலமும். கோபால்ட் ஒன்றே ஒன்று. இளம்பச்சை இல்லவே இல்லை. காரணம், டார்க் காரணியும் நீலமும் ஒரே நிறமூர்த்தத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. இடையில் பிரிவது நூற்றுக்கு ஏறக்குறைய 14 தான். ஜேர்மனியில் பிறேமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர் 1920களில் இந்தப் பறவைகளின் நிறப் பரம்பரையை உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். என் சேவலில் டார்க் பச்சையோடு ஒட்டியிருக்கிறது, அதனால் கரும்பச்சையாகவும் வெறும் நீலமாகவும் கொடுக்கிறது. இதை ‘முதலாம் வகை’ என்பார்கள். இரண்டாம் வகைச் சேவலில் டார்க் நீலத்தோடு ஒட்டியிருக்கும், அது கோபால்ட்டையும் இளம்பச்சையையும் அள்ளித் தரும். வெளியில் பார்க்க இரண்டு சேவலும் ஒரே மாதிரி! சேவலின் தாய் தகப்பனைப் பார்க்காமலே அதன் இரண்டு நிறமூர்த்தங்களிலும் என்ன என்ன ஒட்டியிருக்கிறது என்று குஞ்சுகள் சொல்லிவிட்டன.

அதே கூட்டில் ஓர் ஓபலைன் குஞ்சும் இருந்தது. பின்தலைக் கோடுகள் மங்கல், தோள்களுக்கு நடுவில் கோடில்லாத ஒரு சுத்தமான ‘வி’, செட்டையில் உடம்பு நிறம் கசிந்திருக்கும். தாயும் தகப்பனும் ஓபலைன் இல்லை. அப்படியென்றால் இந்தக் குஞ்சு பேடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பறவைகளில் சேவலுக்குத்தான் இரண்டு இசட் (பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம்), பேட்டுக்கு ஒன்று. ஓபலைன், சினமன், சிவப்புக் கண்ணுள்ள மஞ்சள் லூட்டினோ எல்லாம் அந்த இசட்டில் இருக்கின்றன. பேட்டுக்கு ஒளித்து வைக்க இடமில்லை, இருந்தால் வெளியில் தெரியும். சேவல் ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்கும். ‘ஸ்பிளிட் பேடு’ என்று இந்த நிறங்களில் யாராவது விலை சொன்னால் கும்பிட்டுவிட்டு வரலாம். அந்தக் குஞ்சின் மூக்கு வளர வளர வெளிர்நீலமாகி, மூக்குத் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வந்தது. பேடுதான்.

இரண்டாம் கூட்டில் லூட்டினோச் சேவல், கோபால்ட் பேடு. இங்கே பொரித்த அன்றே சேவலா பேடா என்று தெரியும். குஞ்சின் கண் திறக்க ஒரு கிழமைக்குமேல் ஆகும், ஆனால் மூடிய இமைத் தோலுக்குள்ளேயே கண் கறுப்பா சிவப்பா என்பது தெரியும். முட்டியை மெல்லச் சரித்து, ஃபோன் லைற்றை விரலால் மறைத்துக் கொஞ்சமாக விட்டுப் பார்த்தேன். சிவப்புக் கண் எல்லாம் பேடு, கறுப்புக் கண் எல்லாம் சேவல். விலக்கே இல்லாத கணக்கு இது. திருப்பிப் போட்டு, லூட்டினோப் பேட்டையும் சாதாரணச் சேவலையும் சேர்த்தால், சேவலில் லூட்டினோ ஒளிந்திராத வரைக்கும், ஒரு சிவப்புக் கண்கூட வராது. சேவல் குஞ்சுகள் எல்லாம் ஸ்பிளிட்டாக மட்டும் இருக்கும். “மஞ்சள் பேடு வாங்கினேன், மஞ்சள் குஞ்சு வருகுதில்லை” என்று முறையிடுபவர்களின் கதை இதுதான்.

லூட்டினோ ஒரு போர்வை மாதிரி. உள்ளே எந்தப் பச்சை இருந்தாலும் மஞ்சள்தான் தெரியும். அதே போர்வை நீலத்தின்மேல் விழுந்தால் வெள்ளை, அதுதான் அல்பினோ. பேடுகளில் வெள்ளையாக ஒரு அல்பினோ வந்ததும் சேவல் நீலத்துக்கு ஸ்பிளிட் என்று தெரிந்தது. அடுத்து ஒரு சேவல் குஞ்சு மோவாக இறகு விட்டது, ஊதாக் கன்னம், கருநீல வால். மோவுக்கு இரண்டு டார்க் வேண்டும், தாயிடம் இருப்பது ஒன்று. மற்றது தகப்பனுடையது. மஞ்சளாக நிற்கும் சேவலுக்குள் டார்க் காரணி இருப்பதை வெளியில் பார்த்து உறுதியாக அறிந்திருக்க முடியாது. ஃபோனில் நிறம் கணிக்கும் செயலிகள் இருக்கின்றன, கெட்டிக்கார வேலைதான், ஆனால் ஒளிந்திருப்பதை நாங்கள் குறித்துக் கொடுத்தால்தான் அவையும் கணிக்கும்.

குஞ்சின் டார்க்கைப் பார்க்க அவசரப்படக் கூடாது. வாலுக்கு மேலே முதுகில் இறகு விரியும்வரை பொறுத்து, சகோதரங்களை ஒரு வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரியும். தனியாக ஒன்றைப் பார்த்தால் வான்நீலமும் கோபால்ட் மாதிரி இருக்கும். நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருப்பது வெறும் குஞ்சு அடையாளம், மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிரும்போது போய்விடும். அதை ஒரு ‘வெறைற்றி’ என்று விலை கூட்டி விற்றதையும் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் முகம் பற்றி இப்போது சுருக்கமாக மட்டும். முதலாம் வகை மஞ்சள் முகத்தில் ஒரு காரணி இருந்தால் முகம் மஞ்சள், இரண்டு இருந்தால் மஞ்சள் மறைந்து சாதாரண வெள்ளை முக நீலம்போல நிற்கும். என்னிடம் ஒரு வெள்ளை முகச் சேவலில் அந்தச் சந்தேகம் இருக்கிறது. வெள்ளை முகப் பேட்டோடு போட்டு குஞ்சுகள் எல்லாம் மஞ்சள் முகமாக வந்தால் பிடிபட்டுவிடும். அது சோளகம் தொடங்குமுன் நடக்கவேண்டும், பார்ப்போம்.

இப்போது அடைகாப்பது மூன்றாம் கூடு. வான்நீல ஸ்பாங்கிள் சேவல், கிறே பேடு. ஸ்பாங்கிள் 1970களில் அவுஸ்திரேலியாவில் தலைகாட்டிய ஆட்சியான நிறம். செட்டை இறகின் நடு வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. பேட்டில் கிறே ஒன்றுதான், ஏனென்றால் அதன் தாய் வான்நீலம், அதை நானே வளர்த்தேன். ஆகவே கொப்பியில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது: வான்நீலம், கிறே, வான்நீல ஸ்பாங்கிள், கிறே ஸ்பாங்கிள், நாலும் சமம். பச்சை வராது. பேட்டில் டார்க் ஒளிந்திராத வரைக்கும் கோபால்ட்டும் வராது. இரண்டு ஸ்பாங்கிள் காரணி சேர்ந்த, கறுப்புக் கண்ணுள்ள முழு வெள்ளையும் வராது, அதற்குத் தாயிடமும் ஸ்பாங்கிள் வேண்டும். ஐந்து முட்டை இருக்கின்றன, லைற் பிடித்துப் பார்த்ததில் நாலில் நரம்பு ஓடுகிறது. முதல் முட்டை பொரிக்க இன்னும் ஒரு கிழமை.