மொட்டை மாடி டிஷ்ஷுக்கு நானே போட்ட கனெக்டர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். டிவியில் பாதி சேனல்கள் தெளிவாக வந்தன, மீதியில் ‘சிக்னல் இல்லை’. எங்கள் செட்டாப் பாக்ஸ் மாடியிலிருக்கும் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடித்து அனுப்பும் கருவி) 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பகுதி சேனல்கள் வரும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றவை. மின்சாரமும் சிக்னலும் போவது ஒரே கேபிளில்தான். வழியில் எங்கோ வோல்ட் இறங்குகிறது என்று பட்டது.

மாடியில் திருகி மாட்டும் வகைக் கனெக்டர், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே பச்சைக் களிம்பு. ஈரம் இறங்கிக் கறுத்திருந்த ஓர் அடி கேபிளையும் வெட்டி எறிந்தேன்.

கடையில் கம்ப்ரஷன் கனெக்டரும் அதை அழுத்தும் கருவியும் வாங்கினேன். கேபிளில் ‘ஆர்ஜி 6’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. மெல்லிய ஆர்ஜி 59-க்கான கனெக்டர் இதற்குப் பொருந்தாது.

முதலில் பிளேடால் சீவியதில் நடுக்கம்பியில் கீறல் விழுந்தது. பல கேபிள்களில் அது எஃகின் மேல் செம்பு பூசிய கம்பி. டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். செம்பு உரிந்தால் துருப்பிடிக்கும், வளைத்தால் அந்த இடத்திலேயே ஒடியும். வெட்டிவிட்டு, கேபிளின் உறையைச் சீவும் கருவியான ஸ்ட்ரிப்பர் வாங்கி வந்தேன்.

இம்முறை நடுக்கம்பி 6 மில்லிமீட்டர், அதற்குப் பின் மேலுறை மட்டும் நீக்கிய பகுதி இன்னொரு 6 மில்லிமீட்டர். மேலுறைக்கு அடியிலிருக்கும் மெல்லிய கம்பிப் பின்னலைப் பின்பக்கமாக மடித்தேன், நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளை நுரையை ஒட்டிய ஃபாயிலை அப்படியே விட்டுவிட்டேன். கனெக்டரை அழுத்தி, மல்டிமீட்டரை வைத்தால் ‘பீப்’ என்கிறது! கேபிளின் இரண்டு முனையும் கழன்று கிடக்கும்போது நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. வெட்டிப் பிரித்தால், பின்னலின் மயிரிழைக் கம்பி ஒன்று உள்ளே தொட்டுக்கொண்டிருந்தது. அப்படியே பாக்ஸில் மாட்டியிருந்தால் ஷார்ட்.

மூன்றாவதில் அவசரப்படவில்லை. ஒவ்வோர் இழையையும் விரலால் தடவி மடித்தேன். கனெக்டரின் உள்தளத்துக்குச் சமமாக வெள்ளை நுரை வந்து நிற்கும்வரை தள்ளினேன். என்னைக் கேட்டால், வேலையிலேயே முக்கியமான இடம் இதுதான். நுரை உள்ளே நின்றுவிட்டால் நடுக்கம்பி எட்டாது. சரியாக வந்தால் கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் அழுத்தினேன். மீட்டர் சத்தம் போடவில்லை.

பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடியில் கனெக்டரை மாட்டி, ரப்பர் டேப் சுற்றினேன். மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் வழியாமல் கீழே சொட்டும்படி கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன். கீழே வந்து பாக்ஸைப் போட்டதும் எல்லாச் சேனல்களும் வந்தன. அன்று இரவும் நல்ல மழை. படம் ஒருமுறைகூட உடையவில்லை.