செக் கேஸில் ஜெயித்தது யார்?

வழக்குரைஞர்களுக்கான தீர்ப்புத் தேடல் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனத்தில் டேட்டா சயின்ஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் விற்பனைக் குழு எந்த வக்கீல் ஆபீசுக்குப் போனாலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "கேஸ் ஜெயிக்குமான்னு உங்க சாஃப்ட்வேர் சொல்லுமா?"

சொல்ல முடியும் என்றால் செக் கேஸில்தான், அதாவது பணம் கிடைக்காமல் செக் திரும்பிய வழக்கில்தான், முடியும் என்று எல்லோருக்கும் தோன்றும். மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138. செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். தேதி, தொகை, முடிவு என்று வரிசையாக நிரப்பிவிடலாம்.

சிக்கல் அந்த 'முடிவு' கட்டத்தில். பழைய தீர்ப்புகளிலிருந்து கற்று முடிவைக் கணிக்கும் கணினி மாடலுக்காக, தண்டனை, விடுதலை என்று இரண்டே லேபிள் வைத்துத்தான் தொடங்கினோம். லேபிள் போட வந்த இளம் வழக்குரைஞர் ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பினார். கடைசி வரி: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலை செய்யப்படுகிறார். இரண்டு பத்தி மேலே, இருதரப்பும் ராஜி (சமரச) மெமோ தாக்கல் செய்த குறிப்பு.

"இவர் ஜெயிக்கல சார். பணத்தைக் கட்டிட்டு வெளிய வந்திருக்கார். சந்தோஷமா வீட்டுக்குப் போனது புகார் கொடுத்தவர்தான்."

"அப்ப இதை எதுல போடறது மேடம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பிரிவு 147-இன்படி இந்தக் குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளலாம். சமரசமானால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320(8) அதை விடுதலையாகவே கொள்கிறது. புகார்தாரர் வாய்தாவுக்கு வராமல் போனால் 256-இன் கீழ் விடுதலை. வாபஸ் வாங்கினால் 257, அதுவும் விடுதலை. தரவேண்டிய கடனே இல்லை என்று காட்டி, கடனுக்காகத்தான் செக் தரப்பட்டது என்று பிரிவு 139 தரும் அனுமானத்தை உடைத்துப் போராடி வாங்குவது நாலாவது வகை. ஜெயிக்குமா என்று கேட்பவர் மனத்தில் இருப்பது இந்த நாலாவது மட்டும். நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், கடன் வாங்கியவர்கள் ஊரெல்லாம் ஜெயிப்பதாக மாடல் அடித்துச் சொல்லும்.

எந்த விடுதலை எந்த வகை என்று பிரிக்க, தீர்ப்புகளை அவர் உட்கார்ந்து படித்தார். வேறு குறுக்குவழி கிடைக்கவில்லை. போராடி முடிந்த வழக்குகளை மட்டும் வைத்து ஓட்டியபோது துல்லியம் இறங்கியது. மீட்டிங்கில் முகங்கள் வாடின. எனக்கென்னவோ அந்த எண்தான் நம்பும்படி இருந்தது.

அதிலும் ஒரு சந்தேகம் பாக்கி. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்ற வழக்குகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, முடிவைச் சரியாகக் கணித்ததாகச் சொன்ன 79 சதவீதத்தை எங்கள் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அங்கே கணினி படித்தது தீர்ப்புரையை. வழக்கின் சங்கதிகளை நீதிமன்றமே, முடிவு தெரிந்த பிறகு எழுதிய உரை அது. கட்சிக்காரர் மஞ்சள் பையில் காகிதங்களோடு வந்து உட்காரும்போது அப்படியொரு உரை யாரிடம் இருக்கிறது?

இதோடு ஒப்பிட்டால், பிரிவு எண்கள் மாறிய குழப்பம் ஒன்றுமே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 கொலை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103, அதன் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண், பிறகு நடந்ததற்குப் புதியது. குற்றம் நடந்த தேதியோடு ஓர் அட்டவணை போட்டால் தீர்ந்தது.

வெற்றி சதவீதத்தை இப்போது நாங்கள் காட்டுவதில்லை. 'செக்யூரிட்டிக்குத்தான் (பிணையாகத்தான்) செக் கொடுத்தேன்' என்று எதிரி வாதாடிய தீர்ப்புகளைக் கேட்டால், அவற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். எதிர்பாராத விதமாக, குப்பை என்று ஒதுக்கப் பார்த்த ராஜி மூட்டைதான் அதிகம் திறக்கப்படுகிறது. தாமோதர் பிரபு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் போட்டு, 2025 வரை நடைமுறையில் இருந்த கணக்கு அதற்குக் காரணம்: முதல் அல்லது இரண்டாம் வாய்தாவிலேயே சமரசம் கேட்டால் கூடுதல் செலவில்லை, அதன் பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செக் தொகையில் 10 சதவீதம், செஷன்ஸிலோ உயர் நீதிமன்றத்திலோ 15, உச்ச நீதிமன்றம் வரை இழுத்தால் 20 என்று இருந்தது.